நீல நூல்

கிரியான் ஆற்றில் வற்றம்,
சனிக்கிழமை மூன்றரை மணி.
நிபோங் திபால் பாலத்துக்குக் கீழே
சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது படகு.
இருபத்திரண்டு அடி. செங்கால் மரம்.
"அறுபத்து மூணுல கட்டுனது,
எஸ்டேட் மானேஜர் துரைக்கு," என்றான் சுவா,
தமிழில்தான்.
மூன்று தோட்டங்களுக்கு மீனைக் கடனில் விற்றுக்
கற்ற தமிழ்.

ஒன்பதாயிரம் வெள்ளி.

என்னிடம் இருந்தது
ஐம்பது வயதில் எடுக்கவிட்ட சேமநிதி,
ஒரு திருப்புளி,
செம்பனை ஆலையின் கொதிகலனோடு
முப்பத்தோரு வருசம் பழகிய வலது காது.
நீச்சல் தெரியாது.
எதற்கு இந்தப் படகு என்று தவமலர் கேட்டபோதெல்லாம்
மீன் பிடிக்க என்றேன்,
மின்மினி பார்க்க வருகிறவர்களை ஏற்ற என்றேன்,
வாங்கி விற்றால் லாபம் என்றேன்.
மூன்றையும் அவள் நம்பவில்லை.
நானும்தான்.

திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன்
முகப்பிலிருந்து.
டக். டக். டக்.
கல்லைப் போலப் பதில் சொன்னது மரம்.
செம்பு ஆணிகள் பச்சை பூத்திருந்தன; நல்லது.
இரண்டே இரண்டு இரும்பு ஆணிகள்
துரு வடித்துப் பலகையைக் கறுக்க வைத்திருந்தன;
யாரோ அவசரக்காரன்.
பின்பக்கம், சுழலித் தண்டு வெளியே வரும் இடத்தில்
ஒரு சாண் மட்டும் புதுப் பச்சை வண்ணம்.
தட்டினேன்.
தொப்.
முனையை வைத்து அழுத்தினேன், பலமாகக்கூட இல்லை.
பழுத்த பப்பாளிக்குள் போவதுபோல் போனது.
சுவா ஆற்றைப் பார்த்தான்.
ஆற்றில் அப்போது பார்க்க ஒன்றும் இல்லை.

"ஒரு பலகதான்," என்றான்.
"ஒரு பலகதான்," என்றேன் நானும்,
வேறு குரலில்.

பிறகு ஏறி, மூடியைத் தூக்கி,
இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
சூடு.
வெயில் எட்டாத இடத்தில்
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிச் சூடு.
கிழட்டு யன்மார், ஒற்றை சிலிண்டர்.
நான் வருவதற்கு முன்பே எழுப்பி,
இருமலெல்லாம் இருமித் தீரவிட்டு,
நல்ல பிள்ளையாய் உட்கார வைத்திருக்கிறான்.

ஒன்றும் சொல்லவில்லை.
சட்டையில் தொங்கிய பொத்தானின் நூலைப் பிய்த்தேன்.
இயந்திரத்தின் சக்கரத்தையும் அடிச்சட்டத்தையும்
சேர்த்துக் கட்டினேன், அவன் பாராத பக்கம்.
"நாளைக்கு எட்டு மணி. தண்ணி ஏறினதும் வர்றேன்.
அதுவரைக்கும் தொடாதே."

ஞாயிறு.
படகு நிமிர்ந்து மிதந்தது.
தவமலரும் வந்திருந்தாள், ஒரு காலி மைலோ டின்னோடு.
நூல் அறுபடவில்லை.
"உன் சட்ட நூல்தானே?" என்றான் சுவா. "நீலம்.
ராத்திரி ரெண்டு தடவ டார்ச் அடிச்சுப் பாத்தேன்,
எலி கடிச்சு என் பேரு கெடக்கூடாதுன்னு."

கைப்பிடியைச் சுற்றினேன். இல்லை.
சுற்றினேன். ஒரு தும்மல்.
மறுபடி.
தோள்பட்டை விட்டுப்போன ஆறாவது சுற்றில்
பிடித்துக்கொண்டது.
கறுப்பு, பிறகு நீலம், பிறகு கண்ணுக்குத் தெரியாத புகை.
மீன்கொத்தி ஒன்று கம்பியை விட்டுப் போனது.
திருப்புளியின் முனையை இயந்திரத்தில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்தேன்.
உள்ளே ஒரு பேரிங் லேசாக முனகியது.
ஆலையில் இதைவிட மோசமானதை
ஏழு வருசம் ஓட்டியிருக்கிறோம்.

தவமலர் குனிந்து
படகின் அடியில் ஊறிய தண்ணீரை
மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள், எண்ணியபடி.
சுவாவின் கடிகாரத்தில் அரை மணி நேரம்.
"பதினேழு," என்றாள் நிமிர்ந்து.
"பதினேழுன்னா நல்ல படகு," என்றான் சுவா.
"டின்னுக்கு இருநூறு வெள்ளி கொறைங்க."

சுவா சிரித்தான்.
பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு
விரல்களை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தான்.
நான் கணக்கில் வாயைத் திறக்கவில்லை.
இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
கட்டிய கயிற்றை
இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது படகு.