நின்று எரிதல்

ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து.
முழங்கால் உயரத்தில் செடிகள் மொட்டையாய் நின்றன.
ஒரு சாக்குக் குச்சி கேட்டேன்.
ஜெசிந்தா விறகுக் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு
"ரெண்டு நாள் அடுப்பு இது" என்றாள்.
கிலோ அறுபது ரூபாய்க்கு முடிந்தது.
எதற்கென்று சொன்னேன். நம்பவில்லை.
காசை எண்ணிக்கொண்டாள்.

கொட்டகலையில், மூடிப்போன ஸ்டோரில்
முன்பு கொழுந்து வாட்டிய மாடிதான் எங்கள் கூடம்.
காரத்தில் வெந்த குச்சி
கறுத்த சாறாகவும் வெளுத்த நாராகவும் பிரியும்.
சாற்றில் அமிலம் சொட்டச் சொட்ட
அடியில் இறங்கும் பழுப்பு மா: லிக்னின்.
செடியை நிற்க வைத்தது இதுதான்.
காகித ஆலைக்காரர்கள் நாரை எடுத்துக்கொண்டு
இதைக் கொதிகலனில் எரிப்பார்கள்.

உருக்கி ஊசித்துளையில் இழுத்தால்
சாயத் தண்ணி நிறத்தில் ஓர் இழை,
பக்கத்தில் தும்மினாலே முறியும்.
நிமிடத்துக்கு அரை டிகிரிதான் ஏற்றலாம்.
முந்தினால் இழைகள் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும்.
இருநூற்றைம்பதைத் தொட ஏழரை மணி நேரம்.
கணக்கிலேயே சனி உட்கார்ந்திருந்தான்.

வைகாசிக் காற்று.
ஆறாவது மணியில் கரண்ட் போனது.
ரிஸ்மி டோர்ச் அடித்தபடி உலையைச் சுற்றி வந்தான்,
மையித்து வீட்டுக்கு வந்தவனைப்போல.
திறந்தால் உள்ளே ஒரே கருப்பட்டி.
இரண்டாம் தடவை நைட்ரஜன் ஏற்றிய லொறி
கினிகத்தேனையில் மண்சரிவுக்கு அந்தப்பக்கம்.
டிரைவர் போனில், சாப்பிட்ட ரொட்டி
சரியில்லை என்பதை மட்டும் விளக்கமாகச் சொன்னார்.

மூன்றாம் தடவை
காற்றில்லாத ஆயிரம் டிகிரியில்
எரிய வழியில்லாமல் அது கறுத்தது.
மற்றதெல்லாம் விட்டுப் போக
கரி கரியைப் பிடித்துக்கொண்டது.

ஒரு சாண் இழை. முடியில் மூன்றிலொரு பங்கு தடிப்பு.
பத்து ரூபாய்க் குற்றி ஒன்றைத் தொங்கவிட்டோம், தாங்கியது.
இரண்டாவதையும்.
மூன்றாவதில் அறுந்து, குற்றி மூன்றும்
பலகை இடுக்கில் உருண்டு போயின.
பதிவேட்டில் ரிஸ்மி 'இருபது ரூபாய்' என்றெழுதினான்.
அடித்துவிட்டு கிராமில் எழுதினேன்.

வெளுத்த நார் மிஞ்சிக் கிடந்தது.
நன்றாகக் கழுவி, வெயில் கண்ட நாளில் காயவைத்து
ஜெசிந்தாவுக்கு ஒரு சாக்கு கொடுத்தேன்,
குச்சிக்குப் பதிலாக. காசு வேண்டாமென்றேன்.

மறுநாள் பிரட்டுக்குப் போகிற வழியில்
சாக்கை மடித்துத் திருப்பித் தந்தாள்.
"எரியுது மிஸ். பொகையும் இல்ல.
ஆனா
நின்னு எரிய மாட்டேங்குது."