ஜெபிலாவின் சம்பளத்தை நூறால் பெருக்கிய வாரம்

டப்ளினிலிருந்து கடிதம் வந்த அன்று
முதலில் பெருக்கியது நான்தான்.
மார்த்தாண்டம் சீட்டுக் கம்பெனியில்
பதினோரு வருடம் கணக்கு எழுதிய கை.
பிடித்தம் போக இரண்டாயிரத்து எழுநூறு யூரோ.
பின்னால் இரண்டு சுழி போட்டால்
இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.
குழித்துறைப் பாலத்தில் பைக்கை நிறுத்தி
ஆற்றைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.
கீழே குளித்துக்கொண்டிருந்த எவரும்
நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டில், நைட் டியூட்டி முடிந்த கண்களோடு
மரச்சீனி அவித்துக்கொண்டிருந்தாள்.
"வாடகையையும் பெருக்கிப் பாருங்க."

ஒரு படுக்கையறை, ஒரு சன்னல்,
சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்:
ஒரு லட்சத்து அறுபதாயிரம்.
அந்தக் காசுக்கு ஞாறான்விளையில்
கிணறும் பலாவுமாக மாடி வீடு, ஒரு வருடத்துக்கு.
எபினைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்:
தொண்ணூறாயிரம்.
பிறந்ததிலிருந்து அவன் குடித்த பாலெல்லாம் சேர்த்தாலும்
அவ்வளவு வராது.
மிச்சம் இருபதாயிரம்.
அரிசி, பஸ், கரண்டு,
குளிருக்கு ஆளுக்கொரு கோட்டு, எல்லாம் அதற்குள்.
இங்கே அவள் வாங்குவது இருபத்திரண்டு.

எண்ணாயிரம் கிலோமீட்டர் பறந்தால்
இரண்டாயிரம் குறைகிறது.

சித்தப்பா மகன் ஆன்றோவைக் கூப்பிட்டேன்.
அங்கே ஏழு வருடம். கார் முன்னால் நின்று
படம் அனுப்புகிறவன்.
கையில் என்ன நிற்கும் என்றதும்
லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.
"அண்ணே, முடிவெட்ட முப்பத்திரண்டு யூரோ.
நானே வெட்டுதேன், கேட்டியளா.
வீடியோல தொப்பி போடுறது குளிருக்கில்ல."
பிறகு மெதுவாக:
"சபைக் கமிட்டிக்காரங்ககிட்ட இப்பவே சொல்லாதிய.
வெளிநாட்டுக்காரங்களுக்கு வரிப் பட்டியல் தனி.
அதுல ஏறுன பேரு இறங்காது."

அவர்களும் பெருக்குவார்கள்.
வாடகையைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள் என்று
கோயில் வாசலில் நின்று சொல்ல முடியுமா?

நாலாம் நாள் ராத்திரி
பேனாவை என் கையிலிருந்து பிடுங்கினாள்.
"பெருக்குறதை நிறுத்துங்க.
பெருக்கிக்கிட்டே இருந்தா அங்க டீ கூடத்
தொண்டையில இறங்காது.
ஒரு மணி நேரம் நின்னா எனக்கு என்ன கிடைக்கும்?
அதால வகுங்க."

வகுத்தேன். அங்கே பதினாறு யூரோ. இங்கே நூற்றைந்து ரூபாய்.
வாடகை: அங்கே நூறு மணி நேரம், இங்கே ஐம்பத்திரண்டு.
கோழி: இங்கே இரண்டு மணி நேரத்துக்கும் மேல்,
அங்கே அரை மணி நேரம்கூட இல்லை.
முடிவெட்டு: ஒன்று, இரண்டு.
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கருங்கல் போய் அவள் அம்மாவைப் பார்த்து வர
இங்கே கால் மணி நேரம்.
அங்கிருந்து ஐம்பத்தாறு,
ஒருத்தருக்கு மட்டும், பறக்கும் நேரம் சேர்க்காமல்.
அந்த வரியை அவள் அடிக்கவில்லை.
விரலால் மூடிக்கொண்டாள்.

நான் போய் என்ன வேலை செய்வேன்?
கிடங்கில் பெட்டி தூக்கலாம்.
அவளுக்கு இரவு, எனக்குப் பகல் என்றால்
அந்தத் தொண்ணூறாயிரம் மிச்சம்.
வாசல்படியில் சாவியும் பிள்ளையும் கைமாறும்.
அதற்கு எத்தனை மணி நேரம் என்று
எழுதத் தெரியவில்லை.

விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்:
"அங்க ஒரு நர்சுக்கு ஆறு கட்டிலாம்.
நேத்து ராத்திரி எனக்கு இருபத்தெட்டு.
பதினேழாம் கட்டில்காரர் மூணு தடவ கூப்பிட்டிருக்காரு.
நாலாவது தடவதான் போனேன்."

அதற்கு என் தாளில் இடம் விட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை சந்தைக்குப் போனவள்
முடிவெட்டும் மெஷினோடு வந்தாள்.
எண்ணூற்று நாற்பது ரூபாய்,
இங்கத்தைய கணக்கில் எட்டு மணி நேரம்.
பின்வாசலில் கமுகுக்குக் கீழே
என்னை ஸ்டூலில் உட்கார வைத்து
பழைய பெட்ஷீட்டைக் கழுத்தில் சுற்றினாள்.
எபின் தரையில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
வலப்பக்கம் காதுக்கு மேல் அதிகம் போய்விட்டது.
"அசையாதிங்க" என்றாள்.
இடப்பக்கத்தையும் அதற்குச் சமமாக
ஏற்றிக்கொண்டே போனாள்.