நூற்றாறாவது கிலோமீட்டர்

பிப்ரவரி. முக்கால் மீட்டர் தடிப்பில்
பைக்கால் ஏரி லாரியைத் தாங்குகிறது.
கரையோரப் பழைய ரயில் தடத்தில்
நூற்றாறு என்று எழுதிய கல்.
அங்கிருந்து ஏரிமேல் ஒரு மணி நேரம் நடந்தால்
பனிக்கட்டியில் அறுத்த சதுரத் துளை,
அதன்மேல் கூடாரம்,
கூடாரத்துக்குள் செசெக்மாவும் அவள் வின்ச்சும்.

கண்ணாடி உருண்டைகள் ஒவ்வொன்றாய் இறங்குகின்றன.
பூசணிக்காய் அளவு. உள்ளே ஒரு கண்,
கீழ்நோக்கி.
ஆகாயத்தைத் தேடுகிறவர்கள்
கண்ணைத் தரைக்குத் திருப்பி வைத்திருக்கிறோம்
என்பதில் அவளுக்கு இன்னும் சிரிப்பு.

நான் இதுவரை காகிதத்தில் மட்டும் குளிர்ந்தவள்.
இர்கூட்ஸ்கில் நாலாம் மாடி,
ரேடியேட்டர்மேல் காயும் கையுறை,
அண்டம் ஆறிய கதையை
எழுதி எழுதி அடித்த நோட்டு.

"என்னத்தைத் தேடுறீங்க?"
கம்பியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்கிறாள்.
கனமான ஒன்றை.
"கனம்னா எடையில தெரியணுமே."
எடையில் தெரிகிறது.
வேறெதிலும் தெரியவில்லை.

சொன்னேன்:
முதலில் கொதிப்பு மட்டும்.
எதற்கும் பாரமில்லை, எல்லாம் ஓட்டம்.
பிறகு எங்கோ ஒரு குமிழி,
ஏன் அங்கே என்று கேட்காதே.
குமிழிக்குள் வேறு சட்டம்:
உள்ளே வந்தால் உடம்பு கனக்கும்.
அந்தக் கனத்தின் விலையை
வாசலிலேயே கட்டியாக வேண்டும்,
ஓடிச் சேர்த்த வேகத்திலிருந்து.
கையில் இல்லாதவை சுவரில் மோதித் திரும்பின.
திரும்பியவை வெளியே நெருக்கியடித்து
ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன.
எப்போதோ ஒன்று
உள்ளே வந்தது.
வந்தது யாரோடும் பேசவில்லை.
குமிழிகள் பெருத்தன, மோதின,
வெளி என்று ஓரிடமே இல்லாமல் போயிற்று.

இப்படி நடந்திருக்கலாம்.
'லாம்' என்பதில்தான் எனக்குச் சம்பளம்.

வின்ச் நின்றது. அவள் பூட்ஸால் பனித்தூளை ஒதுக்கினாள்.
காலடியில் கறுப்புக் கண்ணாடி,
அதற்குள் வெள்ளை வட்டங்கள்
தட்டுமேல் தட்டாய் அடுக்கி.
அடிச்சேற்றிலிருந்து கிளம்பிய காற்று,
ஒவ்வோர் இரவும் ஒரு தட்டு.
"ஜனவரி பதினொண்ணு, காத்து நின்ன ராத்திரி.
விடிஞ்சு பார்த்தா என் வீட்டுக்காரர் வலை
பாதி தண்ணியில, பாதி கல்லுல.
இதுங்களும் அப்படித்தான். உங்க குமிழி மாதிரி."

இல்லை, என்றேன்.
என் கதையில் வெளியே நின்றது அழிந்தது.
இங்கே வெளியேற முடியாததுதான்
அழகாய்த் தெரிகிறது.
உவமை அந்த இடத்தில் விரிசல் விட்டது.

நிஜமாகவே ஏரியும் அன்றிரவு விட்டது.
பீரங்கிச் சத்தம். தேநீர்க் கெண்டி தானாக நகர்ந்தது.
காலையில் பார்த்தால்
சமையல் கொட்டகைக்கும் கழிப்பறைக்கும் நடுவே
கையகலக் கறுப்புத் தண்ணீர்.
அர்ஹீப் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுவிட்டு
மாவு பிசையப் போனான்.

நாலு வருடக் கணக்கு.
எதிர்பார்த்த இரைச்சலுக்கு மேல் எதுவுமில்லை.
"ஒண்ணுகூடவா?" அர்ஹீப்புக்கு வருத்தம்.
அவனிடம் தட்டைக் காட்டினேன்:
அதே மாவில் பூஸியைப் பெரிதாய்ப் பிடித்தால்
எத்தனை வரும்?
"நாலு."
இன்னும் பெரிதாய்?
அவன் ஆள்களை எண்ணிப் பார்த்து
பேச்சை நிறுத்திக்கொண்டான்.

ஏப்ரலில் இந்தத் தரை போய்விடும்.
கூடாரம், லாரி, வின்ச், நாங்கள்
எல்லாம் கரைக்கு.
கண்கள் மட்டும் அடியிலேயே உறையும்,
உறைபனி எட்டாத ஆழத்தில்.

கிளம்புகிற அன்று பலகையில் கால் வைத்தேன்.
முனகியது.
அறுபத்தொரு கிலோ.
இதில் எலக்ட்ரான்களின் பங்கு
ஏறக்குறைய பதினெட்டு கிராம்:
அண்டம் ஒருமுறை ஆறியபோது ஏறியது.
அதற்குச் சுவர்கூட இல்லையாம்,
மெல்ல நடந்ததாம்.

அந்தப் பக்கம் நின்று
செசெக்மா கை நீட்டினாள்.
"மெதுவா. உள்ள வந்தா கனக்கும்."