பூஜ்ஜிய ரூபாய்ச் சீட்டு

நாடுகாணி சோதனைச் சாவடியில்
டாக்ஸிக்குள் டார்ச் அடித்துக் கேட்டார்கள்:
டூரா? இ-பாஸ் இருக்கா?
ஊர்க்காரி என்றேன்.
எந்த ஊர்?
பதில் தெரியும். சொல்வதற்குள்
ஒரு நொடி பிந்திவிட்டது.
அந்த ஒரு நொடிக்காகப்
பெட்டியை இறக்கச் சொன்னார்கள்.
தண்ணீர் பாட்டில் இரண்டையும் எடுத்துக்கொண்டு
கொளப்பள்ளிக்கு வழி விட்டார்கள்.

பதினோரு வருஷம் லிமரிக்கில்,
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
அங்கே பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள்
டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள்,
நிற்கவே முடியாத குடிகாரன்கூட.
யாரும் சொல்லித் தராமல்
என் வாயிலும் அது ஏறிக்கொண்டது,
தும்மல் மாதிரி.

முதல் வாரம், பந்தலூர் வண்டி.
இருபது ரூபாயை நீட்டினேன்.
கண்டக்டர் நோட்டைத் தொடவில்லை.
சீட்டில் பூஜ்ஜியம் என்று போட்டிருந்தது.
பொம்பளைங்களுக்குக் காசில்லைக்கா,
நீங்க எந்த ஊரு?
(மறுபடியும்.)
இறங்கும்போது பழக்க தோஷம்: நன்றிங்க.
வாயிலிருந்து விசிலை எடுத்தார்.
எனக்கெதுக்கு? கவர்மெண்டுக்குச் சொல்லுங்க.
பின்சீட்டுச் சிரிப்பு
வளைவு தாண்டும்வரை கேட்டது.

அண்ணி எனக்கு மட்டும்
பூப்போட்ட கோப்பையில் டீ தருகிறாள்.
சீனி எத்தனை என்று கேட்கிறாள்.
எனக்கு அடுத்த நிரையில்
நாலு வருஷம் கொழுந்து எடுத்தவள்.
உடை மாற்றக் கதவைச் சாத்தினால்
அண்ணன் மகள் தர்ஷிகா வெளியே நின்று
அத்தை, கோபமா என்கிறாள்.
யாராவது பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.
இந்த வீட்டில் யாரும் பேசி முடிப்பதில்லை.
ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர்
ஏறி மிதித்துத்தான் போகவேண்டும்.
நான் காத்திருப்பதற்குப் பக்கத்து லயத்தில்
திமிர் என்று பெயர்.

ஆதாரில் முகவரி மாற்றப்
பழைய தாள்களைக் கிளறியபோது
அப்பாவின் அட்டை கிடைத்தது.
பாலிதீன் உறையோடு ஒட்டிப்போன முகம்,
மேலே அச்சில்: தாயகம் திரும்பியோர்.
பதுளையில் பிறந்தவர்.
முப்பத்தொரு வயதுவரை
இந்தப் பக்கத்துக் காற்றைக்கூடக் குடித்ததில்லை.
கப்பலை விட்டு இறங்கியவருக்குத்
திரும்பிவிட்டாய் என்று
முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.
சரி என்று வாங்கிக்கொண்டிருக்கிறார்.
அவர் பிளேன்டீ என்று கேட்பதைக்
கட்டன் என்று கடைசிவரை
திருத்திக்கொண்டே இருந்தார் டீக்கடைக்காரர்.
அவரிடம் கேட்க ஒன்று இருந்தது.
அவர் இறந்த வாரம்
எனக்கு லீவு கிடைக்கவில்லை.

நேற்று சாயங்கால வண்டி
சேரம்பாடி தாண்டியதும் நின்றுவிட்டது.
ரோட்டில் ஒற்றைக் கொம்பன்.
டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
எதிரே ஜீப்பு, பின்னால் பால்வண்டி,
அதற்குப் பின்னால் பைக்குகள்,
யாரும் யாரையும் முந்தாமல், ஹாரன் இல்லாமல்
நூல் பிடித்த மாதிரி.
வண்டிக்குள் ஐம்பது பேரும்
ஒரே நேரத்தில் பேசி முடித்தார்கள்.
பக்கத்து சீட்டுக்காரி
என் மணிக்கட்டைப் பிடித்தாள், கேட்காமல்.
இத்தனை வருஷத்தில்
நோயாளிகள் தவிர யாரும் அப்படிப் பிடித்ததில்லை,
அதுவும் என் கையுறைக்கு மேல்.
இது வியர்த்த கை. தேயிலைக் கறை.
எடுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன்.
எடுக்கவில்லை.

யானை பலாக்கிளை ஒன்றை முறித்தது,
யோசித்தது, பிடிக்காமல் போட்டுவிட்டுத்
தேயிலைக்குள் இறங்கிப் போனது.
உடனே எல்லோரும் ஒன்றாய் ஆரம்பித்தார்கள்.
நானும்.
என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன்
என்று நினைவில்லை.
யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

என் ஸ்டாப்பில் பேசாமல் இறங்கினேன்.
விசில் வரவில்லை.
திரும்பிப் பார்த்தால்
படியில் தொங்கியபடி கண்டக்டர்:
என்னக்கா, இன்னைக்கு
ஒண்ணும் சொல்லலியா?