ஐம்பது மில்லி

கச்சான் அடிக்கத் தொடங்கிப் பதினோராம் நாள்.
உப்புவெளிக் கிணறுகளில்
வாளி தண்ணியைத் தொடமுன்
மணலைத் தொட்டது.

மரியதாசன் குடும்பம் மடுவுக்குப் போய் மூன்று நாள்.
நாய்க்குச் சோறு வைக்க
ஒரு பெடியனிடம் காசு கொடுத்துப் போனார்கள்.
பெடியன் சோறு வைத்தான்.
காசு சோற்றுக்குத்தானே.

முதல் நாள் குரைத்தது.
இரண்டாம் நாளும் குரைத்தது, கொஞ்சம் கரகரத்து.
மூன்றாம் நாள் சத்தமில்லை.
அந்தச் சத்தமில்லாமைதான்
நாற்பத்தாறு வயதில், நைற்றியோடு,
என்னை மதிலேற வைத்தது.

கவிழ்ந்த வாளி.
சங்கிலிக்கு இரண்டு முழம் அப்பால் பைப்.
அதன் வாய்க்குள் ஒரு குளவி
ஈரம் தேடிப் போய்
வெறுங்கையோடு வந்தது.
ரொக்கி எழும்பவில்லை.
வாலின் நுனி மட்டும் ஒருமுறை மண்ணைத் தட்டியது:
தெரியும் உன்னை.

பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டேன்.
விட்ட தோல் வீடு திரும்பவில்லை.
கஞ்சி போட்ட சேலை மடிப்பாய்
அப்படியே நின்றது,
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு...
உதட்டை விலக்கினேன். முரசு காய்ந்து
விரலில் ஒட்டிற்று.
அழுத்தி எடுத்த இடம் வெள்ளையாய்க் கிடந்து
யோசித்து யோசித்துச் சிவந்தது.
கண்கள் தம் குழிகளுக்குள்
பின்வாங்கியிருந்தன.

நாய் வளர்த்தவள் இல்லை நான்.
ஆனால் என் வீட்டில்
தினம் அழுத்திப் பார்க்கிற தோல் ஒன்று உண்டு.
தவநேசனின் கணுக்காலில் விரல் வைத்தால்
பள்ளம் நிற்கும்.
இதன் பிடரியைக் கிள்ளினால்
மேடு நிற்கிறது.
கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் கழுவுகிற மனிதர்.
நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி,
தேத்தண்ணியும் சொதியும் சேர்த்து.
போத்தலில் நீலப் பேனாவால் கோடு கீறி வைத்திருக்கிறேன்.
கோட்டுக்கு மேலே கேட்டால் சண்டை.

சங்கிலியைக் கழற்றித் தூக்கி வந்தேன்.
சாக்கு மூட்டையின் பாரம், சாக்கின் அசைவு.
மிருக வைத்தியர் நஸ்ரியா போனில் சொன்னா:
‘ஒரேயடியாக் குடுக்காதீங்க, சத்தி எடுக்கும்.
கொஞ்சம் கொஞ்சமா.
ஐஸ் தண்ணி ஊத்த வேணாம்.
துணிய நனைச்சு வயித்துக்கும் பாதத்துக்கும் வைங்க.
ஓட்டோ வந்ததும் ஏறிடுங்க,
நாலு மணி வரைக்கும் இருப்பன்.’

வீட்டில் ஒரு அளவுக் குவளைதான்.
அவருடையது.
கேட்கவில்லை நான்; அவரே நீட்டினார்.
ஐம்பது மில்லி.
ரொக்கி குவளைக்குள் முகத்தையே போட்டது.
இன்னும், இன்னும் என்று
குவளையின் அடியை நக்கியது.
‘இல்லையடா,’ என்றார் தவநேசன்,
‘இவள் தரமாட்டாள். எனக்குத் தெரியும்.’
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்
நான், அவர், நாய்.
முன்னூறு அடி தள்ளிக் கடல்
தன்பாட்டில் புரண்டது.

கிளினிக்கில் தோலுக்கடியில் சேலைன் ஏற்றினார்கள்.
தோளில் ஒரு திமில் எழும்பி
மெல்ல மெல்லச் சரிந்து
நெஞ்சுப் பக்கம் இறங்கியது.
‘ஒண்ணுக்குப் போகுதா எண்டு பாருங்க,’ என்றா டொக்டர்.
‘போனா ஒரு கோல் எடுங்க.’

இரவு சட்டியில் அது குடித்தது.
சளக், சளக், சளக்.
தவநேசன் டீவியின் சத்தத்தைக் குறைத்தார்.
பிறகு நிறுத்தியே விட்டார்.
கண்ணை மூடியிருந்த அவர் தொண்டையில்
அந்தக் கட்டி ஏறி இறங்குவதை
நான் பார்க்காத மாதிரி
வெங்காயம் உரித்தேன்.

விடிய ஐந்தரை.
‘இஞ்ச வா, ஓடி வா’ என்று கத்தினார்.
என்னவோ ஏதோவென்று ஓடினேன்.
ரொக்கி மூன்று காலில் நின்று
மரியதாசனின் கேற்றுத் தூணை
நனைத்துக்கொண்டிருந்தது.
முதலில் மஞ்சளாய்,
பிறகு வெளிறி, நிறுத்தாமல்.

இரண்டு வருடமாய் அந்த வேலையை
மறந்து போன உடம்போடு
சாரத்தைப் பிடித்தபடி நின்று
அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
‘எவ்வளவு நேரம் போகுது பாரன்,’ என்றார்.
‘கொடுத்து வச்ச பிறவி.’
சிரித்தார்.
நான் டொக்டருக்குக் கோல் எடுத்தேன்.