வினைமுற்று

காட்பாடியில் ஹவுரா வண்டி மூன்று மணி லேட்டு.
இறங்குகிறவர்கள் கையைத்தான் பார்ப்பேன்.
பெட்டியைவிட ஃபைலை இறுக்கிப் பிடித்திருந்தால்
எனக்கு வேலை வந்துவிட்டது.

பிழைக்கப் போன ஊரில்
பதினோரு வருஷம் கைதட்டிக் கற்ற வங்காளம்
வேலூரில் சோறு போடுகிறது.
ஸ்கேன் எந்தக் கட்டடம், ரத்தம் எந்த ஜன்னல்,
வெறும் வயிறா, சாப்பிட்டா.
டாக்டர் ஆறு மாசம் என்றால்
ஆறு மாசம் என்றேதான் சொல்வேன்.
கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

அந்த மொழியில் ஒரு வசதி.
அவன் அவள் கிடையாது, 'ஷே' ஒன்றுதான்.
வினைச்சொல் எவர் புடவையையும்
தூக்கிப் பார்ப்பதில்லை.
அங்கே உதைக்கவில்லையா? உதைத்தார்கள்.
இலக்கணம் கூடச் சேர்ந்து உதைக்கவில்லை,
அவ்வளவுதான்.

இங்கே, பாபு ராவ் தெரு லாட்ஜில்,
என் நாக்கால் நாலு ரூம் நிரப்பும்
மேனேஜர் தனகோட்டி
முதலாளிக்குப் போனில் சொல்வார்:
"அது வந்துகீது சார்."
பார்சல் வந்துகீது,
தண்ணி லாரி வந்துகீது,
அது வந்துகீது.
அதே லாட்ஜில் எனக்கொரு ரூம் கேட்டேன்.
"ஃபேமிலி வர்ற எடம்மா."
அந்த 'ம்மா' மட்டும் எப்படியோ தப்பி வந்தது.

திங்கட்கிழமை, சத்துவாச்சாரி,
கலெக்டர் ஆபீஸ் மனு வரிசை.
அடையாள அட்டை, நகல் இரண்டு,
வீடு இல்லையென்றவர்கள் பெயர் ஏழு.
கிளார்க் நல்ல மனுஷன்.
"சட்டம் இருக்கு" என்றார், பிரிவு எண்கூடச் சொன்னார்.
பிறகு உள்பக்கம் திரும்பி,
"இது மனு குடுக்க வந்திருக்கு, சீல் எடுப்பா."
சட்டம் எழுதியாச்சு.
வினைமுற்றுதான் பாக்கி.

முர்ஷிதாபாத் ஷெஃபாலி மொண்டல்,
பிள்ளைக்குச் சிறுநீரகம், நாற்பது நாளாய் ஏழாம் நம்பர் ரூம்,
ஒரு ராத்திரி கேட்டாள்:
"உன்னைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஆள்
'அது, அது' என்கிறாரே, என்ன அர்த்தம்?"

முதல் தடவையாகத் தப்பாய் மொழிபெயர்த்தேன்.
"பெரியவங்களை அப்படித்தான் சொல்வாங்க."

காலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு
தனகோட்டி படியேறினார்.
ஷெஃபாலி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.
முந்தானையைத் தலைக்கு இழுத்து, கைகூப்பி,
வாட்ச்மேன், டீக்கடைப் பையன்,
மருந்துப் பையோடு நின்ற எல்லாரும் கேட்க
எழுத்தெழுத்தாய்ச் சொன்னாள்:

"அது... வந்து... கீது."

அவர் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார்.

"மரியாதையாத்தான் சொல்றாங்க சார்,"
என்றேன்.