இரைச்சல் நீக்கம்

சாலைத் தடுப்பில் போலீஸ்காரர்
கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
என்ன வேலை?
சில்லு சோதனை என்றேன்.
பின் இருக்கையை எட்டிப் பார்த்தார்.
சரக்கு எதுவும் இல்லை.
ஒரு மடிக்கணினி, தண்ணீர் போத்தல்,
நேற்றைய நாசி லெமாக்கின் காய்ந்த இலை.
அவருக்கு நம்பிக்கை வரவில்லை.
ஆனாலும் போகச் சொன்னார்.

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி.
அறுபது நாற்காலிக்கு ஆறு பேர்,
ஆளுக்கொரு மூலை.
வெள்ளைப் பலகையில் மார்ச் மாதத்து அம்புக்குறி ஒன்று
எதையும் சுட்டாமல் நிற்கிறது.
அதை வரைந்தவன் விடுப்பில் போய்
கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டான், விமானம் இல்லை.
அழிக்கவும் பயம்.

எண்பத்து நான்கு பாகையில் தேறுகிற சில்லு
எண்பத்தைந்தில் தோற்கிறது.
செய்முறை ஆவணம் நாற்பது பக்கம்,
நான் எழுதியதுதான்.
அதில் எல்லாம் இருக்கிறது.
பூன் ஹொக் சுங்கை பட்டாணியில் இருக்கிறார்.

பாலம் தாண்டி, மூடா ஆறும் தாண்டி.
போன மாதம் வரை அது வெறும் ஆறு.

கையில் கொப்பி ஓவோடு வருவார்,
திரையைப் பார்க்கமாட்டார்,
இயந்திரத்தின் பக்கம் தலையைச் சாய்ப்பார்.
"ம், நிறுத்து" என்பார். நிறுத்துவோம்.
பதினோரு வருஷம்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

காணொளியில் கூப்பிட்டேன்.
கேட்குதா?
"உன் குரல் நல்லாக் கேட்குது."
இயந்திரம்?
"எந்த இயந்திரம்? ஓடுதா என்ன?"
கைப்பேசியைக் காற்றுக்குழாயின் வாயருகே வைத்தேன்.
மென்பொருள் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக
என் மூச்சை வைத்துக்கொண்டு
அதன் மூச்சை அழித்துக்கொண்டிருந்தது.
இரைச்சல் என்று யாரோ அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
அமைப்பை மாற்றப் போனால்
நிறுவனக் கொள்கைப்படி பூட்டு.

முகக்கவசத்தைக் கழற்றினேன்.
உர்ர்ர்ர், உர்ர்… டிக்… ர்ர்ர் என்று
நானே ஓடிக் காட்டினேன்.
எதிர் மூலையில் நோர்ஹயாத்தி
எழுந்து நின்றுவிட்டாள்.

"டிக் எப்போ? காற்று ஏறும்போதா, இறங்கும்போதா?"
தெரியவில்லை.
போய்க் காதைச் சாய்த்தேன், முதல் தடவையாக.
சூடாக இருந்தது கன்னம்.
இறங்கும்போது.

அவருக்குப் பின்னால் கொடியில் துணி காய்ந்தது,
ஒரு சிறுமி பெருக்கல் வாய்ப்பாட்டைத்
தப்பாகச் சொல்லிக்கொண்டு போனாள்.
"வால்வு ஒட்டுது. தட்டு."
எவ்வளவு பலமாக?
"இப்படி" என்று
தன் மேசையில் தட்டிக் காட்டினார்.
விரல் அசைந்தது.
சத்தம் வரவில்லை.
"கேட்டுச்சா?" என்றார்.
கேட்டது என்றேன்.

நாலு விதமாகத் தட்டினேன்.
எந்தத் தட்டுக்கோ சில்லு தேறியது.

நாற்பத்தோராம் பக்கம் திறந்து எழுதினேன்:
டிக் என்று கேட்டால், வால்வின் மேல்
விரலால் தட்டவும்.
அடைப்புக்குறி போட்டேன்.
உள்ளே என்ன எழுத?
ஐந்தரைக்குப் பாதுகாவலர் வந்து விளக்கை அணைத்தார்.
ஏழுக்குள் வீடு சேர வேண்டும்.
அடைப்புக்குறியைத் திறந்தபடியே சேமித்தேன்.